காவிரிக்கு அருகில் ஒரு குடிநீர்க் கேள்வி: திபெத்தியக் குடியிருப்புகளுக்கு யார் பொறுப்பு?

பெங்களூரு: ஆசியாவின் பெரிய நதிகள் பல உற்பத்தியாகும் பீடபூமியிலிருந்து புகலிடம் தேடி வந்தவர்கள் திபெத்தியர்கள். அவர்களில் ஒரு பெரும் பகுதியினர் கர்நாடகத்தில், காவிரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே குடியமர்த்தப்பட்டனர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அவர்களது குடிநீர் ஆழ்துளைக் கிணற்றையும் அன்னிய நன்கொடையையுமே பெரிதும் சார்ந்திருக்கிறது.

அதே காவிரி நீர், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருக்கு ராட்சதக் குழாய்கள் மூலம் மேல்நோக்கி ஏற்றப்படுகிறது. 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டம் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீரை மாநகருக்குக் கூடுதலாகக் கொண்டு செல்லும் திறன் உடையது. ஆகவே, திபெத்தியக் குடியிருப்புகளின் குடிநீர்ப் பிரச்னைக்கு நீர்ப் பற்றாக்குறையையோ பொறியியல் சிக்கலையோ முதற்காரணமாகக் கூற இயலாது. அந்த நீருக்கு யார் பொறுப்பு என்பது இன்றுவரை தெளிவாக வரையறுக்கப்படாததே அடிப்படைக் காரணம்.

இக்கேள்வி இப்போது அவசரம் பெற்றிருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபராக மீண்டும் பொறுப்பேற்ற டொனால்டு டிரம்ப், வெளிநாட்டு உதவிகளை 90 நாள்களுக்கு நிறுத்தி வைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். இந்தியாவிலும் நேபாளத்திலும் உள்ள திபெத்தியக் குடியிருப்புகளின் சுகாதாரம், கல்வி, வாழ்வாதாரப் பணிகளுக்கு வந்து கொண்டிருந்த நிதியும் அதில் சிக்கியது. உதவியின் ஒரு பகுதி பின்னர் மீட்கப்பட்டபோதிலும், அதை வழங்கி வந்த யு.எஸ்.எய்டு அமைப்பே 2025 ஜூலை முதல் தேதியுடன் செயல்பாட்டை நிறுத்திக் கொண்டது. வாஷிங்டனில் போடப்படும் ஒரு கையெழுத்து, மைசூர் மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமத்தின் அன்றாடத் தேவைகளைத் தொட முடியும் என்பதை அந்த நிகழ்வு வெளிச்சமிட்டுக் காட்டியது.

குடியமர்ந்த வரலாறு

1959-இல் தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் அடைந்ததைத் தொடர்ந்து, பல்லாயிரக்கணக்கான திபெத்தியர்கள் எல்லை கடந்து வந்தனர். அவர்களைக் குடியமர்த்த நிலம் அளிக்குமாறு அன்றைய பிரதமர் ஜவாஹர்லால் நேரு மாநிலங்களைக் கேட்டுக் கொண்டார். தாராளமாக முன்வந்தது அன்றைய மைசூர் மாநிலம். பிரியாபட்டணா வட்டத்தில் உள்ள பைலகுப்பேயில் சுமார் 3,000 ஏக்கர் வனநிலம் குத்தகைக்கு அளிக்கப்பட்டது. 1960-61-இல் அங்கு முதல் குடியிருப்பு உருவானது. காட்டைத் திருத்தி, யானைகளை எதிர்கொண்டு, பழக்கமில்லாத வெப்பத்தில் மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக் கொண்டனர் பனிநாட்டு மக்கள்.

அதன் பின்னர் 1966-இல் உத்தர கன்னட மாவட்டத்தின் முண்டகோட்டிலும், 1969-இல் மீண்டும் பைலகுப்பேயிலும், 1970-களின் முற்பகுதியில் ஹுன்சூர் அருகே குருபுராவிலும், கொள்ளேகாலை அடுத்த ஒடேயர்பாளையாவிலும் குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. இந்த ஐந்து குடியிருப்புகளையும் உள்ளடக்கிய தென் மண்டலத்துக்கான தலைமைப் பிரதிநிதியின் அலுவலகம் பெங்களூரில் இயங்குகிறது.

மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, இந்தியாவில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திபெத்திய அகதிகள் உள்ளனர். இவர்களில் 21 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கர்நாடகத்தில் வசிக்கின்றனர். தலாய் லாமா தங்கியிருக்கும் இமாசலப் பிரதேசத்தைக் காட்டிலும் இது அதிகம். நாட்டிலேயே மிக அதிகமான திபெத்தியர்களுக்கு இடமளித்துள்ள மாநிலம் கர்நாடகம் என்பது குறிப்பிடத்தக்கது.

பாறையின் அடியில் உள்ள நீர்

தென் கர்நாடகத்தின் நிலத்தடி, கடினப் பாறையால் ஆனது. ஆற்றுப் படுகை மணலைப் போல் அது நீரைத் தேக்கி வைப்பதில்லை. பாறை வெடிப்புகளில் தங்கும் நீரே ஆழ்துளைக் கிணற்றுக்குக் கிடைக்கிறது. மழை பொய்த்தால் வெடிப்புகள் வற்றுகின்றன. மேலும் ஆழமாகத் தோண்டினால், பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீர் வருகிறது. அதில் கரைந்த உப்புகளும் கடினத்தன்மையும், சில இடங்களில் ஃபுளோரைடும் கூடுதலாக இருக்கும்.

2024 கோடையில் பெங்களூரு பட்ட பாடு இதற்குச் சான்று. மாநகரில் உள்ள சுமார் 14 ஆயிரம் அரசு ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வறண்டுவிட்டதாக மாநில அரசே அப்போது அறிவித்தது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த நகரம், லாரித் தண்ணீருக்காக வரிசையில் நின்றது. ஆனால் பெங்களூருக்குக் காவிரி என்ற மாற்று இருந்தது. வாக்காளர்களின் கோபத்துக்கு அஞ்சும் அரசும் இருந்தது. ஆழ்துளைக் கிணற்றை மட்டுமே நம்பியுள்ள ஓர் அகதிக் குடியிருப்புக்கு இவ்விரண்டும் எளிதில் வாய்ப்பதில்லை.

குடியிருப்புகளில் வழக்கமான ஏற்பாடு எளிமையானது. ஆழ்துளைக் கிணறு, மின் இறைப்பான், மேல்நிலைத் தொட்டி, அங்கிருந்து வீடுகளுக்கோ பொதுக் குழாய்களுக்கோ செல்லும் குழாய்ப் பாதை. மின்சாரம் தடைபட்டால் நீரும் தடைபடும். விட்டுவிட்டு நீர் வரும் குழாய்களில் அழுத்தம் குறையும்போது, கசிவுகளின் வழியாக வெளியே உள்ள கழிவு நீர் உள்ளே உறிஞ்சப்படும் அபாயம் உண்டு. கிணற்றில் தூய்மையாக இருந்த நீர், வீட்டுக் குழாயை அடையும்போது கெட்டுவிடுவது இவ்வாறுதான்.

கொள்ளேகால் குடியிருப்பின் நிலை இன்னும் கடினமானது. சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகில், 22 சிறு கிராமங்களாக அது பரவிக் கிடக்கிறது. வானம் பார்த்த பூமி. சுற்றிலும் யானைகள் நடமாடும் காடு. ஒரே இடத்தில் நீரைச் சுத்திகரித்து, சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்கெல்லாம் குழாய் அமைப்பது செலவு பிடிக்கும் காரியம். ஒவ்வொரு கிராமத்துக்கும் தனிக் கிணறு என்றால், ஒவ்வொன்றையும் தனித்தனியே பரிசோதித்துப் பராமரிக்க வேண்டும்.

பைலகுப்பேயிலும் முண்டகோட்டிலும் வேறு வகையான சுமை. செரா, டிரெபுங், காந்தென் ஆகிய பெரும் மடாலயங்களில் ஆயிரக்கணக்கான துறவிகள் ஒன்றாகத் தங்கி, ஒரே சமையற்கூடத்தில் உண்கின்றனர். பைலகுப்பேயின் நம்ட்ரோலிங் மடாலயத்தில் உள்ள 'பொற்கோயில்', குடகுக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் தவறாமல் நிற்கும் இடமாகிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரே தொட்டி நீரைப் பருகும் இடத்தில், ஒரு நாள் கவனக் குறைவுகூட ஒரே நேரத்தில் பலரை நோயில் வீழ்த்தக் கூடும்.

எது தூய நீர்?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற தரநிலை, குடிநீர் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை வரையறுக்கிறது. எந்த 100 மில்லி லிட்டர் மாதிரியிலும் இ-கோலி கிருமி காணப்படக் கூடாது. ஃபுளோரைடு லிட்டருக்கு ஒரு மில்லி கிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. மாற்று வழியே இல்லையெனில் 1.5 வரை அனுமதிக்கலாம். கரைந்த திடப்பொருள்கள் 500 மில்லி கிராமுக்குள் இருத்தல் நலம். வேறு வழியில்லாதபோது 2,000 வரை ஏற்கலாம். நைட்ரேட்டின் உச்ச வரம்பு 45 மில்லி கிராம்.

இந்த எண்களை எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கிருமி, கனிமம், உரம் அல்லது கழிவறைக் குழியிலிருந்து இறங்கும் நைட்ரேட் ஆகிய மூன்றும் வெவ்வேறு நோய்கள் போன்றவை, மருந்தும் வெவ்வேறு. கிருமிக்கு முறையான குளோரின் கலப்பு போதும். ஃபுளோரைடுக்குக் குளோரின் பயன்படாது. மாற்று நீராதாரமோ சிறப்புச் சுத்திகரிப்போ தேவை. நைட்ரேட்டுக்குக் கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தைப் பாதுகாப்பதே நிரந்தர வழி. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கனிமமும் நைட்ரேட்டும் குறையாது. தேநீரை இடைவிடாது பருகும் வழக்கம் உள்ள திபெத்திய வீடுகளில், கொதித்த நீர் ஒரு வகைப் பாதுகாப்பு. ஆனால் அது முழுமையான பாதுகாப்பு ஆகாது.

நடைமுறையில், எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாக 'ஆர்.ஓ.' எனப்படும் எதிர் சவ்வூடு பரவல் இயந்திரம் பரிந்துரைக்கப்படுகிறது. நன்கொடையாளருக்கும் அது வசதியானது. இயந்திரம் வைத்து, பெயர்ப் பலகை மாட்டி, புகைப்படம் எடுத்துக் கொள்ளலாம். ஆனால் இந்த இயந்திரம், உள்ளே வரும் நீரில் பெரும் பகுதியைக் கழிவாக வெளியேற்றுகிறது. நீர் அருகிவரும் கிணற்றின் மீது அது கூடுதல் சுமை. சவ்வை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் இயந்திரத்தால் பயனில்லை. கரைந்த திடப்பொருள் 500 மில்லி கிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இதன் பயன்பாட்டைத் தடை செய்யுமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது நினைவுகூரத்தக்கது.

கர்நாடக அரசுக்கே இதில் அனுபவம் உண்டு. கிராமங்கள்தோறும் ஆயிரக்கணக்கான சுத்திகரிப்பு நிலையங்களை அது நிறுவியது. பராமரிப்பு இன்றி முடங்கிய நிலையங்கள் குறித்து சட்டப் பேரவையிலேயே கேள்விகள் எழுந்தன. அரசு இயந்திரம் துணை நிற்கும் கிராமங்களிலேயே இந்நிலை என்றால், நன்கொடையை மட்டும் நம்பி வைக்கப்படும் இயந்திரங்களின் ஆயுள் எவ்வளவு என்பதை ஊகிப்பது கடினமல்ல.

கொள்கை உண்டு, கட்டாயம் இல்லை

தில்லியைப் பொருத்தவரை, திபெத்தியர் நலனுக்கென ஒரு கொள்கை ஏற்கெனவே உள்ளது. 2014 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட திபெத்திய மறுவாழ்வுக் கொள்கை, குடியிருப்பு நிலங்களுக்கு 20 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் செய்து கொள்ளவும், ஊரக வேலை உறுதித் திட்டம், பொது விநியோகம் போன்ற அரசுத் திட்டங்களின் பயன்களை அவர்களுக்கும் அளிக்கவும் மாநிலங்களை அறிவுறுத்தியது. சாலை, மின்சாரம், குடிநீர் ஆகிய அடிப்படை வசதிகளும் அதில் இடம்பெற்றன.

2015-இல் தொடங்கி ஐந்தாண்டுகளுக்கு ரூ. 40 கோடி மானியம் அளிக்கவும் மத்திய அரசு ஒப்புதல் வழங்கியது. ஆனால் அத்தொகை நாடு முழுவதும் உள்ள 36 குடியிருப்பு அலுவலகங்களின் நிர்வாகச் செலவுக்கும் சமூக நலப் பணிக்குமாக, ஆண்டுக்கு ரூ. 8 கோடி என்ற கணக்கில் அளிக்கப்பட்டது. ஓர் அலுவலகத்துக்குச் சராசரியாக ஆண்டுக்கு ரூ. 22 லட்சம். அன்றாட நிர்வாகத்துக்கு அது உதவும். குடிநீர்க் கட்டமைப்பைப் புதிதாக உருவாக்க அது போதாது.

கொள்கையின் பலவீனம் அதன் தன்மையிலேயே உள்ளது. நிலமும் குடிநீரும் மாநிலங்களின் அதிகார வரம்பில் உள்ளவை. மத்திய அரசு அறிவுறுத்தலாம். நிறைவேற்ற வேண்டியது மாநிலமே. அருணாசலப் பிரதேசம் 2017-இல் இக்கொள்கையை ஏற்க முடிவு செய்தபோது, உள்ளூர் மாணவர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. மாநில அரசுகள் உள்ளூர் உணர்வுகளையும் கணக்கில் கொள்ள வேண்டியிருப்பதால், கொள்கையின் அமலாக்கம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது.

பஞ்சாயத்தின் வாயில்

கிராமப்புறங்களில் குடிநீர் வழங்கும் முதன்மைத் திட்டம், 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம். 'மனெ மனெகெ கங்கெ' என்ற பெயரில் கர்நாடகம் அதனைச் செயல்படுத்துகிறது. ஒவ்வொரு ஊரக வீட்டுக்கும் குழாய் இணைப்பு. நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தரமான நீர் என்பது இலக்கு. கர்நாடகம் போன்ற மாநிலங்களில் செலவை மத்திய, மாநில அரசுகள் சரிபாதியாகப் பகிர்ந்து கொள்கின்றன. இயக்கத்தை 2028 வரை நீட்டிப்பதாக 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

இத்திட்டத்தின் அடித்தளம் கிராமப் பஞ்சாயத்து. 10 முதல் 15 உறுப்பினர்களைக் கொண்ட, பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டிய கிராம நீர்க் குழுவே திட்டமிட்டு, கட்டணம் வசூலித்து, பராமரிக்க வேண்டும். கள சோதனைப் பெட்டியைக் கொண்டு நீரைப் பரிசோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் திபெத்தியக் குடியிருப்பின் நிர்வாகம், பஞ்சாயத்திலிருந்து வேறுபட்ட தனி அமைப்பு. மத்திய திபெத்திய நிர்வாகம் நியமிக்கும் குடியிருப்பு அலுவலர், கிராமத் தலைவர்கள், கூட்டுறவுச் சங்கம் என்ற கட்டமைப்பில் அது இயங்குகிறது. குடியுரிமை இல்லாதவர்க்குக் கிராம சபையில் வாக்கில்லை. வாக்கில்லாதவரின் குறை, பஞ்சாயத்துத் தீர்மானமாக மாறுவது அரிது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடியுரிமை பார்ப்பதில்லை. ஓர் இடத்தில் வசிப்பவர் அனைவரையும் எண்ணுகிறது. அந்த மக்கள்தொகையை முக்கிய அளவுகோலாகக் கொண்டே நிதிக் குழு ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தை மாநிலங்களுக்குப் பங்கிடுகிறது. 2021-26 காலத்துக்கு 15-ஆவது நிதிக் குழு பரிந்துரைத்த அத்தகைய மானியத்தில் 30 விழுக்காடு குடிநீருக்கெனவே ஒதுக்கப்பட்டது. அதாவது, நிதிக்காக எண்ணப்படும்போது திபெத்தியர் கணக்கில் இருக்கின்றனர். நீருக்காகத் திட்டமிடும் சபையில் அவர்களுக்கு இடமில்லை.

குடியுரிமை பெற்றுக் கொண்டால் தீராதா என்ற கேள்வி எழலாம். 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை முதல் தேதிக்கும் இடையே இந்தியாவில் பிறந்த திபெத்தியர்கள் பிறப்பால் இந்தியக் குடிமக்கள் என்பதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-லும், தில்லி உயர் நீதிமன்றம் 2016-லும் உறுதி செய்தன. அத்தகையோரை வாக்காளர் பட்டியலில் சேர்க்குமாறு 2014-இல் தேர்தல் ஆணையமும் அறிவுறுத்தியது. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு பெற விரும்புவோர், அகதிப் பதிவுச் சான்றை ஒப்படைக்க வேண்டும், குடியிருப்பில் வசிக்கக் கூடாது, திபெத்திய நிர்வாகத்தின் சலுகைகளைக் கோரக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு நிபந்தனைகள் விதித்தது. உரிமையைத் தேடிச் சென்றால் வீடு கைவிட்டுப் போகும் என்ற அச்சம் பலரைத் தயங்க வைத்தது. 1987-க்குப் பிறகு பிறந்த பலருக்கு அந்த வாயிலும் எளிதில் திறப்பதில்லை.

தமிழகம் தரும் பாடம்

அகதிகளின் குடிநீரை அரசு தன் பொறுப்பாக ஏற்பது எப்படி இருக்கும் என்பதற்கு அண்டை மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. தமிழகத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களுக்காக 2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டப் பேரவையில் ரூ. 317.40 கோடி மதிப்பிலான திட்டங்களை முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதற்கு ரூ. 231.54 கோடியும், மின்சாரம், குடிநீர், கழிப்பறை முதலிய அடிப்படை வசதிகளுக்கு ரூ. 30 கோடியும் அதில் அடங்கும். 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது.

இந்த ஒப்பீட்டில் இரு தரப்புக்கும் பாடம் உள்ளது. திபெத்தியருக்கு மத்திய அரசின் எழுத்துப்பூர்வமான மறுவாழ்வுக் கொள்கை இருக்கிறது. இலங்கைத் தமிழருக்கு அத்தகைய தேசியக் கொள்கை இல்லை. ஆனால் தமிழக முகாம்களின் குழாய்களுக்கு மாநில அரசு பேரவையில் பதில் கூறியாக வேண்டும். முகாம் மக்களுக்கு வாக்கில்லை என்றாலும், அவர்களுக்காகக் கேள்வி எழுப்ப அரசியல் கட்சிகள் உள்ளன. கர்நாடகத்துத் திபெத்தியருக்கு அத்தகைய அரசியல் உறவு இல்லை. எனவேதான் அவர்களுக்கு உறுதியான நிர்வாக ஏற்பாடு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

எவ்வளவு நீர் தேவை?

காவிரி என்றதும் இரு மாநிலங்களிலும் புருவங்கள் உயரும். எனவே கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. 21 ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் அளித்தால், மொத்தத் தேவை சுமார் 11.7 லட்சம் லிட்டர். பெங்களூரின் ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டத்தின் திறனில் இது அறுநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆண்டு முழுவதற்கும் சேர்த்தால்கூட, ஒரு டி.எம்.சி.யில் அறுபதில் ஒரு பங்கை எட்டாது. மடாலயங்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்குமாக இருமடங்கு என்று வைத்துக் கொண்டாலும் நிலைமை பெரிதாக மாறாது.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், கர்நாடகத்தின் காவிரிப் பங்கு 284.75 டி.எம்.சி.யாக உயர்த்தப்பட்டது. கூடுதலாக அளிக்கப்பட்ட 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர்த் தேவையைக் கருதியே வழங்கப்பட்டது. அத்தீர்ப்பில் குடிநீருக்கு முன்னுரிமை தரப்பட்டது. தலைநகரின் தாகத்துக்காக ஏற்கப்பட்ட அந்த வாதம், ஆற்றின் மேற்பகுதியில், காவிரியும் ஹாரங்கியும் அருகிலேயே ஓடும் பைலகுப்பேக்கும் அதன் சுற்றுக் கிராமங்களுக்கும் பொருந்தாமல் போகாது.

'சுற்றுக் கிராமங்களுக்கும்' என்பது இங்கு முக்கியம். அகதிக் குடியிருப்புக்கு மட்டும் நன்கொடையில் தொட்டியும் இயந்திரமும் வருவதும், வேலிக்கு அப்பால் உள்ள கன்னடக் கிராமத்தின் பெண்கள் குடத்துடன் நடப்பதும் நீடித்தால், அது பகையை விதைக்கும். ஆற்று நீரைச் சுத்திகரித்துப் பல கிராமங்களுக்கு ஒன்றாக வழங்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குடியிருப்புகளையும் இணைத்தால், இரு சமூகங்களும் ஒரே குழாயின் பங்காளிகள் ஆவர். பயன் பொதுவாகும்போது எதிர்ப்பு தணியும்.

செய்ய வேண்டியது என்ன?

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. திபெத்தியக் குடியிருப்பு ஒவ்வொன்றும் ஜல் ஜீவன் இயக்கத்தின் குடியிருப்புப் பட்டியலில் விடுபடாமல் இடம்பெறுவதை ஓர் அரசாணை மூலம் கர்நாடக அரசு உறுதி செய்யலாம். கிராம நீர்க் குழுவில் குடியிருப்பின் பிரதிநிதி ஒருவரை, பெண்ணாக இருப்பின் மேலும் நன்று, சிறப்பு அழைப்பாளராகச் சேர்க்கலாம். அதற்கு வாக்குரிமை தேவையில்லை. கட்டணம் செலுத்தும் நுகர்வோர் என்ற தகுதியே போதும்.

இரண்டாவது, பரிசோதனை. மாவட்ட, வட்ட அளவிலான அரசு நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் குறைந்த கட்டணத்தில் பொதுமக்களின் மாதிரிகளையும் ஏற்கின்றன. ஒவ்வொரு கிணற்று நீரும் மழைக்கு முன்பும் பின்பும் பரிசோதிக்கப்பட்டு, முடிவுகள் திபெத்திய மொழியிலும் கன்னடத்திலும் தொட்டியின் அருகிலேயே எழுதி வைக்கப்பட வேண்டும். எந்தக் கிணற்றில் என்ன குறை என்று தெரியாமல் வாங்கப்படும் இயந்திரம், நோய் அறியாமல் கொடுக்கப்படும் மருந்துக்குச் சமம்.

மூன்றாவது, நன்கொடையின் திசை. அன்னிய உதவி தொடர்ந்தாலும் குறைந்தாலும், அதைப் புதிய இயந்திரங்கள் வாங்குவதில் செலவிடுவதைவிட, உள்ளூர் இளைஞர்களுக்கு இறைப்பான் பழுது பார்க்கவும், குளோரின் அளவைக் கணிக்கவும், குழாய்க் கசிவை அடைக்கவும் பயிற்சி அளிப்பதில் செலவிடுவது நெடுநாள் பயன் தரும். கட்டமைப்பு அரசின் பொறுப்பு, அன்றாடப் பராமரிப்பு சமூகத்தின் பொறுப்பு என்று வேலை பிரிக்கப்பட வேண்டும்.

நிரந்தரக் கட்டமைப்பு அமைத்துக் கொடுத்தால், தாற்காலிக விருந்தினரை நிரந்தரமாக்கியதாகிவிடும் என்ற தயக்கம் அதிகார வட்டாரங்களில் எழுவதுண்டு. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. சட்டத்தின் பார்வையில் பதிவுச் சான்றுடன் உள்ள திபெத்தியர்கள் வெளிநாட்டவரே. ஆனால் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு 'குடிமகன்' என்று கூறவில்லை; 'எந்த நபரும்' என்றே கூறுகிறது. அப்பிரிவின் பாதுகாப்பு சக்மா அகதிகளுக்கும் உண்டு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசற்ற நீர் அந்த வாழ்வுரிமையின் பகுதி என்பதை 1991-லேயே அதே நீதிமன்றம் கூறிவிட்டது. இவ்விரண்டையும் இணைத்துப் படித்தால், தூய குடிநீர் கருணையால் தரப்படும் பொருள் அன்று என்பது புலப்படும்.

காலி ஆகும் குடியிருப்புகள்

காலம் தாழ்த்துவதற்கு விலை உண்டு. 2009-இல் திபெத்திய நிர்வாகம் நடத்திய கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 94 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திபெத்தியர்கள் இருந்தனர். இன்றைய உள்துறை அமைச்சகத்தின் எண்ணிக்கை அதைவிடச் சுமார் 20 ஆயிரம் குறைவு. இளைஞர்கள் மேலை நாடுகளுக்கும், பெங்களூரு போன்ற நகரங்களுக்கும் செல்கின்றனர். பெங்களூரில் செவிலியராகவும், உணவகங்களிலும், தகவல் தொழில்நுட்பத் துறையிலும் பணிபுரியும் அவர்கள், வாடகை வீட்டில் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கின்றனர். குடியிருப்பில் எஞ்சுவோர் பெரும்பாலும் முதியவர்கள். 1960-களில் காட்டைத் திருத்திய தலைமுறையினரும் அவர்தம் பிள்ளைகளும்.

மேல்நிலைத் தொட்டி பழுதானால் ஏறிப் பார்க்க இளைஞர் இல்லாத கிராமத்தில், கிணற்றையும் இயந்திரத்தையும் சமூகமே பார்த்துக் கொள்ளட்டும் என்று விட்டுவிட இயலாது. நன்கொடையின் காலம் முடிந்து கொண்டிருக்கிறது. சமூகத்தின் உழைப்பாளர் எண்ணிக்கையும் சுருங்கி வருகிறது. எஞ்சியிருப்பது அரசு ஒன்றே.

அறுபது ஆண்டுகளுக்கு முன் மற்ற மாநிலங்கள் தயங்கியபோது, 3,000 ஏக்கர் நிலம் தந்து வரலாற்றில் இடம்பெற்றது மைசூர் மாநிலம். அன்று நிலம் தந்த மாநிலத்துக்கு, இன்று ஒரு டி.எம்.சி.யில் அறுபதில் ஒரு பங்கு நீருக்குப் பொறுப்பேற்பது பெரும் பாரமாக இராது. பெங்களூரில் உள்ள விதான சௌதாவிலிருந்து பிறக்கும் ஓர் அரசாணையும், தில்லியிலிருந்து அதற்குக் கிடைக்கும் நிதி ஒப்புதலும் போதும்.